திடலிலும் கடலிலும் புல்: தொடக்கப்பள்ளி அறிவியலில் ஓர் ஒப்பீட்டுப் பாடம்

முன்னுரை

உற்றறிதல், வகைப்படுத்துதல் ஆகிய இரண்டும் தொடக்கப்பள்ளி அறிவியலில் மாணவர் முதலில் கைக்கொள்ள வேண்டிய செயற்பாங்குத் திறன்கள். இரு பொருள்களை அருகருகே வைத்து ஒற்றுமை வேற்றுமை காணும் பயிற்சி இவ்விரு திறன்களையும் ஒருசேர வளர்க்கிறது. ஆனால், நடைமுறையில் இப்பயிற்சி இரண்டு கட்டங்கள் வரைந்து நிரப்புவதோடு முடிந்துவிடுவதே மிகுதி. 'நிலத்தில் வளரும் புல்', 'நீரில் வளரும் புல்' என்று தலைப்புக் கொடுத்தால், மாணவர்கள் முதல் கட்டத்தில் 'நிலத்தில் வளரும்' என்றும் இரண்டாவதில் 'நீரில் வளரும்' என்றும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். கேள்வியே விடையாகத் திரும்பி வருகிறது.

நான் ஜொகூரில் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிப்பவன். பள்ளித் திடலில் வளரும் புல்லையும் கடலடியில் வளரும் கடற்புல்லையும் ஒப்பிடும் ஒரே ஒரு பாடத்தை மட்டும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். பேரவையின் வழி தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு வழிகாட்டச் செல்லும் இளையோர் இதை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டு போகலாம். நான் சொல்ல விழைவது இதுதான்: ஒப்பீடு என்பது வேறுபாடுகளின் பட்டியல் அன்று, ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணம் கேட்பதே ஒப்பீடு.

பெயரில் தொடங்கும் குழப்பம்

கடற்புல்லின் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலோர், "பாசி, ஐயா" என்பார்கள். கடலில் பச்சையாக எது இருந்தாலும் அது பாசி என்பது பிள்ளைகளின் எண்ணம். இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரியவர்களும் கடற்பாசி என்ற ஒரே சொல்லையே இரண்டுக்கும் வழங்கிவருகிறோம்.

கடற்பாசி வேறு, கடற்புல் வேறு. நாம் விரும்பி உண்ணும் அகர் அகர் சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. கடற்பாசிக்கு உண்மையான வேர் இல்லை, தண்டு இல்லை, பூ இல்லை, விதையும் இல்லை. கல்லைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பு மட்டுமே உண்டு. கடற்புல்லுக்கோ வேர், தண்டு, இலை, பூ, காய், விதை அனைத்தும் உண்டு. அது பூக்கும் தாவரம்.

இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலேசிய மலாய் மொழியில் கடற்பாசி 'ரும்பாய் லாவுட்', கடற்புல் 'ரும்புட் லாவுட்'. இந்தோனேசியாவிலோ 'ரும்புட் லாவுட்' என்றால் கடற்பாசி. கடற்புல்லுக்கு 'லாமுன்' என்ற தனிச்சொல் இருக்கிறது. அண்டை நாடுகள் இரண்டில் ஒரே சொல் இருவேறு உயிர்களைக் குறிக்கிறது. எனவே, பெயரை நம்பாமல் உறுப்பைப் பார்க்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் முதல் படி. "வேர் இருக்கிறதா? பூ இருக்கிறதா?" என்ற இரண்டு கேள்விகள் போதும். பாசி ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

தொல்காப்பியர் சொன்ன புல்

சரி, கடற்புல் பாசி இல்லை என்றால் அது புல்லா? இக்கேள்விக்கு விடை தேடும்போது தமிழ் மாணவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்புக் கிடைக்கிறது. தாவரங்களை வகைப்படுத்தும் முயற்சி தொல்காப்பியத்தின் மரபியலிலேயே உண்டு. வெளிப்புறம் வயிரமாக இருப்பது புல் என்றும், உட்புறம் வயிரமாக இருப்பது மரம் என்றும் அது பிரிக்கிறது. இதன்படி மூங்கில் மட்டுமன்றித் தென்னையும் பனையும் புல்லாகின்றன. ஓலை, மடல், பாளை போன்ற உறுப்புப் பெயர்கள் புல் வகைக்கும், இலை, தளிர் போன்றவை மர வகைக்கும் உரியனவாகச் சொல்லப்படுகின்றன.

தென்னையைப் புல் என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், தற்காலத் தாவரவியல் நெல், கரும்பு, மூங்கில், தென்னை, பனை ஆகிய எல்லாவற்றையும் ஒருவித்திலைத் தாவரம் என்ற பெரும் பிரிவுக்குள் வைக்கிறது. இரண்டு வகைப்பாடுகளும் முற்றிலும் ஒன்றல்ல. தொல்காப்பியம் தண்டின் வன்மையைப் பார்த்தது. தாவரவியல் வித்திலையையும் பூவையும் மரபணுவையும் பார்க்கிறது. எனினும், உயரத்தைப் பார்த்து ஏமாறாமல் உள்ளமைப்பைப் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்ற நோக்கு இரண்டுக்கும் பொதுவானது.

கடற்புல்லும் ஒருவித்திலைத் தாவரமே. ஆனால், புல் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நெல், கோதுமை, சோளம், லாலாங், பள்ளித் திடலில் நாம் மிதித்து விளையாடும் கவ் கிராஸ் அனைத்தும் போயேசி எனப்படும் ஒரே குடும்பம். இக்குடும்பத்தில் 11,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கடற்புற்களோ உலகம் முழுவதிலும் சுமார் 70 இனங்களே. அவை அலிஸ்மடேல்ஸ் என்னும் வேறொரு வரிசையைச் சேர்ந்தவை. நாம் சமைத்து உண்ணும் சேப்பங்கிழங்கும் அந்த வரிசையில்தான் வருகிறது. உறவுமுறைப்படி சொன்னால், கடற்புல்லுக்கு நெல்லைவிடச் சேம்பு நெருங்கிய சொந்தம். நெல்லுக்கோ கடற்புல்லைவிடத் தென்னையும் வாழையும் நெருங்கிய சொந்தம்.

இதைச் சொன்னதும் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உருவ ஒற்றுமை வேறு, உறவு வேறு என்ற பெரிய உண்மை அந்தச் சிரிப்போடு மனத்தில் தங்கிவிடும்.

ஐந்து கேள்விகள்

கடற்புற்களின் மூதாதையர் நிலத்தில் வாழ்ந்த பூக்கும் தாவரங்களே. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அவற்றுள் சில மீண்டும் கடலுக்குத் திரும்பின. இத்திரும்புதல் ஒரே முறையன்றிக் குறைந்தது மூன்று முறை தனித்தனியே நடந்திருக்கிறது. நிலத்தில் வாழக் கற்ற ஒரு தாவரம் கடலில் வாழ வேண்டுமானால் எவற்றையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டும்? இதையே ஐந்து சிறு கேள்விகளாகப் பிரித்து மாணவர்களிடம் வைக்கலாம்.

1. எதைக் கொண்டு நிமிர்ந்து நிற்கிறது?

நிலத்தில் புல்லைத் தாங்குவது அதன் சொந்த உடல்தான். காற்று தாங்காது. அதனால் தண்டிலும் இலையிலும் உறுதியான நார்கள் உள்ளன. பல புற்கள் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்கின்றன. கண்ணாடியும் மணலும் அதே சிலிக்காவால் ஆனவை. லாலாங் இலையின் ஓரத்தில் விரலை இழுத்தால் கீறிவிடுவதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த பெற்றோர் நன்கு அறிவார்கள்.

கடலில் நீரே தாங்குகிறது. கடற்புல்லின் இலைக்குள் காற்றறைகள் இருப்பதால் அது தானாகவே மேல்நோக்கி மிதந்து நிற்கும். நீர் வற்றினால் மணலில் சாய்ந்து படுத்துவிடும். அலைக்கு வளைந்து கொடுக்க வேண்டியிருப்பதால் விறைப்பு அதற்குப் பகையாகும். தொல்காப்பியர் சொன்ன புற வயிரம் நிலத்தில் நிற்பதற்கான விலை. கடலுக்குப் போனதும் அந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

2. எதன் வழியாக நீரும் உணவும் பெறுகிறது?

திடல் புல்லுக்கு நீர் வேரின் வழியாகவே வருகிறது. கிடைத்த நீரை இழந்துவிடாமலிருக்க இலையின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. கடற்புல்லின் இலை எந்நேரமும் நீரில் இருப்பதால் அதன் பூச்சு மிக மெல்லியது. ஆகவே, ஊட்டச்சத்தை அது வேரால் மட்டுமன்றி இலையாலும் உறிஞ்சுகிறது.

உப்பைப் பற்றியும் மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். திறந்த கடலின் ஒரு லிட்டர் நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. திடல் புல்லுக்கு அந்நீரை ஊற்றினால் வேர் நீரை உறிஞ்ச முடியாமல் புல் வாடிவிடும். கடற்புல்லின் உயிரணுக்கள் உப்பைச் சமாளிக்கும் வகையில் மாறியுள்ளன.

3. எப்படிக் காற்றைப் பெறுகிறது?

நிலப்புல்லின் இலையில் கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே கரிவளி உள்ளே வருகிறது. உயிர்வளியும் நீராவியும் வெளியேறுகின்றன. துளையைத் திறக்கவும் மூடவும் இரு காவல் உயிரணுக்கள் உள்ளன.

கடற்புல்லுக்கு இலைத்துளையே கிடையாது. நீரில் வாழும் தாவரத்திற்கு மூடித் திறக்கும் கதவு எதற்கு? 2016ஆம் ஆண்டு சோஸ்டெரா மரினா என்னும் கடற்புல்லின் முழு மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டபோது, இலைத்துளையை உருவாக்கும் மரபணுக்கள் அதில் மறைந்துபோயிருப்பது தெரியவந்தது. பயன்படாத கதவு மூடப்பட்டிருக்கவில்லை, கதவின் வரைபடமே காணாமல் போய்விட்டது.

ஆயினும் நீருக்குள் இன்னொரு இடர் உண்டு. வளிகள் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. இதை ஈடுசெய்ய, கடற்புல் நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டையும் பயன்படுத்திக்கொள்கிறது. பசுங்கணிகங்களை இலையின் மேல்தோலிலேயே வைத்திருக்கிறது. நிலப்புல்லின் மேல்தோலில் பொதுவாகக் காவல் உயிரணுக்களில் மட்டுமே அவை காணப்படும். அடிச்சேற்றில் உயிர்வளி மிகக் குறைவு என்பதால், இலையில் உண்டான உயிர்வளி காற்றறைகளின் வழியாக வேர் வரை இறங்குகிறது. நெற்பயிரின் வேரும் வெள்ள வயலில் இதே உத்தியைத்தான் கையாள்கிறது. தொடர்பற்ற இரு குடும்பங்கள் ஒரே இடருக்கு ஒரே தீர்வைக் கண்டிருக்கின்றன.

4. பூந்தாதை யார் சுமக்கிறார்?

புல்லுக்குப் பூ உண்டா என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். வளர்ந்த புல்லின் கதிரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இதழில்லாத சிறு பூக்கள் தெரியும். காற்று மகரந்தத்தைச் சுமப்பதால் வண்டை அழைக்கும் வண்ணமோ மணமோ அதற்குத் தேவையில்லை.

கடற்புல்லுக்கு நீரே தூது. சில இனங்களின் மகரந்தம் உருண்டையாக இல்லாமல் நூல்போல் நீண்டிருக்கும். நீரோட்டத்தில் பெண் பூவைச் சுற்றிக்கொள்ள அவ்வடிவம் உதவுகிறது. நம் கடற்கரைகளில் காணப்படும் நாடாக் கடற்புல்லின் கதை இன்னும் சுவையானது. ஈனாலஸ் அக்கோராய்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அதன் இலை ஒரு மீட்டருக்கும் மேல் நீளும். நீர்மட்டம் மிகத் தாழும் வேளையில் அதன் ஆண் பூக்கள் செடியிலிருந்து கழன்று மேலே வந்து, வெள்ளை நுரைப்பஞ்சுத் துகள்கள்போல் நீர்மேல் மிதக்கும். பெண் பூ நீண்ட காம்பில் நீர்மட்டத்திற்கு எழுந்து அவற்றைப் பிடித்துக்கொள்ளும். பின்னர் அக்காம்பு சுருள்வில்போல் சுருண்டு காயைக் கீழே இழுத்துக்கொள்ளும். குப்பை என்று நினைத்துக் கடந்துபோகும் வெள்ளைத் துகள்கள் பூக்களாக இருக்கக்கூடும்.

5. மேயப்பட்ட பிறகு என்ன செய்கிறது?

இங்கேதான் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதற்கான காரணம் கிடைக்கிறது. செடியின் நுனியைக் கிள்ளினால் அந்நுனியின் வளர்ச்சி நின்றுவிடும். புல்லின் இலையோ அடியிலிருந்து வளர்வது. மாடு மேய்ந்தாலும் இயந்திரம் வெட்டினாலும் இலை மீண்டும் நீளும். நாடாபோன்ற கடற்புல் இலைகளும் அடியிலிருந்தே வளர்கின்றன. பல நிலப்புற்களைப் போலவே கடற்புல்லுக்கும் மண்ணுக்கடியில் கிடையாக ஓடும் மட்டநிலத் தண்டு உண்டு. அதிலிருந்து புதிய கொத்துகள் எழும். லாலாங்கை வெட்டி ஒழிக்க முடியாததும், கடற்புல் பரந்த வெளியாகப் படர்வதும் இத்தண்டினால்தான்.

நிலத்தில் மாடு என்றால் கடலில் ஆவுளியா. கடற்பசு என்றும் அழைக்கப்படும் இவ்விலங்கு ஒரு நாளில் 40 கிலோகிராம் வரை கடற்புல் உண்ணக்கூடியது. பச்சை ஆமையும் இதை மேய்கிறது. மேய்வோர், வெட்டுவோர், அலை என எதுவந்தாலும் தழைத்தெழ வேண்டிய வாழ்க்கை இரண்டுக்கும் பொது. அதனால் வடிவமும் ஏறத்தாழப் பொதுவாயிற்று.

வகுப்பறையில் செய்து பார்க்க

கடற்புல்லைப் பிடுங்கி வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது, வரவும் தேவையில்லை. மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் ஹைட்ரில்லா போதும். இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குப் பலரும் பயன்படுத்திய செடிதான் அது. நாடாக் கடற்புல் சேர்ந்திருக்கும் ஹைட்ரோகாரிடேசி குடும்பத்திலேயே ஹைட்ரில்லாவும் இருக்கிறது. நன்னீரில் வாழ்ந்தாலும் கடற்புல்லின் ஒன்றுவிட்ட உறவு எனலாம்.

முதலில், வேரோடு எடுத்த திடல் புல்லையும் ஹைட்ரில்லாவையும் குழுவிற்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். இரண்டையும் அடியில் பிடித்து நிமிர்த்தினால் புல் நிற்கும், ஹைட்ரில்லா தொங்கும். ஹைட்ரில்லாவை நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் விட்டால் நிமிர்ந்துகொள்ளும். இது முதல் கேள்விக்கான விடை. அடுத்து, இரண்டையும் மேசைமேல் காயவிட்டு எது முதலில் வாடுகிறது என்று நேரம் குறிக்கச் சொல்லலாம். மெழுகுப் பூச்சின் பயன் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதாக, புதிதாக வெட்டிய ஹைட்ரில்லாத் தண்டை நீரில் தலைகீழாக வைத்துச் சிறிதளவு சமையல் சோடா கலந்து வெயிலில் வைத்தால், வெட்டிய நுனியிலிருந்து குமிழ்கள் வரும். கையால் நிழல் கட்டினால் குமிழ் குறையும். நீருக்கடியிலும் ஒளி இல்லாமல் வாழ முடியாது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் மாணவர்கள் 'ஏனென்றால்' என்ற சொல் வரும்படி ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்பது என் வகுப்பில் விதி. 'ஹைட்ரில்லா தொங்கியது, ஏனென்றால் அதைத் தாங்க நீர் இல்லை' என்று ஆண்டு 4 மாணவர் எழுதிவிட்டால் அன்றைய பாடம் நிறைவேறிவிட்டது. சோதனை முடிந்ததும் ஹைட்ரில்லாவைக் கால்வாயில் கொட்டக் கூடாது. துண்டு துண்டாகவே முளைத்துப் பரவும் செடி அது. வெயிலில் நன்கு காயவைத்துக் குப்பையில் போட வேண்டும்.

இந்தப் பாடம் எதற்கு?

இரண்டு காரணங்களைச் சொல்கிறேன். முதலாவது, மொழி. 2003ஆம் ஆண்டு மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் ஆங்கிலத்தில் அறிவியல் கற்ற பிள்ளைகளுள் சிலர் இன்று ஆசிரியராகி அதே பாடத்தைத் தமிழில் கற்பிக்கின்றனர். அவர்களிடம் அறிவு இருக்கிறது. சொல் சில வேளைகளில் கைகொடுப்பதில்லை. 'கடற்புல்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பாசி' வந்துவிட்டால், அது மொழிப் பிழையாக மட்டும் நிற்பதில்லை; பூக்கும் தாவரத்தைப் பூவாத் தாவரமாக்கும் அறிவியல் பிழையாகிவிடுகிறது.

இரண்டாவது காரணம், நம் கடல். ஜொகூரின் தென்மேற்கில் சுங்கை பூலாய் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி மெராம்போங் கடற்புல் திடல் உள்ளது. ஆவுளியா மேய்ந்த தடங்கள் அங்கே காணப்பட்டுள்ளன. 2014ஆம் ஆண்டு தொடங்கிய கடல் நிரப்புப் பணியில் அத்திடலின் ஒரு பகுதி மணலுக்கடியில் போனது. நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் பூலாவ் உபின் தீவிலுள்ள செக் ஜாவாவும் கடற்புல் வளரும் இடம். அதையும் நிரப்பும் திட்டம் இருந்தது. பொதுமக்களும் ஆய்வாளர்களும் அங்குள்ள உயிர்களை எடுத்துக்காட்டியபின், 2002 ஜனவரியில் அத்திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2007இல் நடைபாலம் திறக்கப்பட்டது. இன்று பள்ளிப் பிள்ளைகள் அங்கே நடந்து பார்க்கிறார்கள்.

கடலடியில் 0.2 விழுக்காட்டுக்கும் குறைவான பரப்பிலேயே கடற்புல் இருக்கிறது. ஆயினும், ஆண்டுதோறும் கடலடியில் புதையும் கரிமத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு இவ்வெளிகளில் புதைவதாக மதிப்பிடப்படுகிறது. மீன்குஞ்சும் இறாலும் நண்டும் இவற்றில்தான் ஒளிந்து வளர்கின்றன. கலங்கிய நீரில் ஒளி இறங்காது. ஒளி இல்லாவிட்டால் வகுப்பறைக் குவளையில் குமிழ் நின்றதுபோல் கடலிலும் நின்றுவிடும். ஆவுளியாவைக் காக்க 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு பாக் விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அங்கே காக்கப்படுவதும் அடிப்படையில் கடற்புல்லே.

பாசி என்று பெயர் வைத்தால் வழித்துப் போடத் தோன்றும். மேய்ச்சல் வெளி என்று அறிந்தால் காக்கத் தோன்றும்.

முடிவுரை

திடல் புல்லும் கடற்புல்லும் பெயரால் ஒன்று, உருவால் ஏறத்தாழ ஒன்று, குடும்பத்தால் வேறு. எதனால் நிற்கிறது, எதனால் குடிக்கிறது, எப்படி மூச்சு விடுகிறது, பூந்தாதை யார் சுமக்கிறார், மேயப்பட்டால் என்ன செய்கிறது என்ற ஐந்து கேள்விகளும் எந்த இரண்டு உயிர்களை ஒப்பிடவும் பயன்படும், சொற்களை மட்டும் சற்று மாற்றிக்கொண்டால் போதும். பேரவை நண்பர்கள் அடுத்த முறை தமிழ்ப்பள்ளிக்கு வழிகாட்டச் செல்லும்போது ஒரு பிடி திடல் புல்லும் ஒரு கொத்து ஹைட்ரில்லாவும் கொண்டுசெல்லுங்கள். கட்டம் போட்ட தாளைக் கடைசியில் கொடுங்கள். அப்போது மாணவர்கள் 'நீரில் வளரும்' என்பதோடு நிறுத்தமாட்டார்கள். 'ஏனென்றால்' என்று தொடர்வார்கள்.